மின்னிணைப்பில் இருக்கும்போது

முந்தாநாள் இரவு அரைமணி நேரம்
யாரும் தொடவில்லை என்பதால்
மடிக்கணினி தூங்கிப்போனது.
அதன்மேல் பழி சொல்ல முடியாது.
பக்கத்து பெஞ்சில் நானும் கிடந்தேன்,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.

கொட்டகைக் கேமராவின் கண்ணெதிரே
கோல்சா இரட்டை ஈன்றிருக்கிறாள்.
முதலாவது எழுந்து பாலுக்குப் போய்விட்டது.
இரண்டாவதன் மூக்கில் சவ்வு கிழியவில்லை.
ஒரு விரல் போதும் அதற்கு.
ஒரு விரலும்
முற்றத்தைக் கடக்க நாற்பது எட்டும்.

மகள் அக்குரேரிக்குப் படிக்கப் போனபோது
விட்டுப்போன கணினி இது.
என் கணவர் தோர்கில்ஸின் முதலெழுத்து மட்டும்
விசைப்பலகையில் உடைந்திருக்கிறது.
இந்த யந்திரத்துக்கு அவர்
வெறும் ஓர்கில்ஸ்.

இன்று கைகழுவிவிட்டு உட்கார்ந்து
மின்சார அமைப்புகளைத் திறக்கிறேன்.
இரண்டு பத்திகள்.
இடப்பக்கம், பேட்டரியில் இருக்கும்போது.
வலப்பக்கம், மின்னிணைப்பில் இருக்கும்போது.
இடப்பக்கம் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீடு:
திரைக்கு மூன்று நிமிடம்,
மூச்சுக்கு ஐந்து.
வலப்பக்கத்துக்கு எதற்கு அந்தக் கஞ்சத்தனம்?
மலைக்கு அந்தப்புறம் ஆறு
அணையிலிருந்து விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

சிக்கனம், சமநிலை, முழுவேகம்
என்று மூன்று வைத்திருக்கிறார்கள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடு
மூன்றே வாரத்தில் ஈனுகிற வீட்டில்
சமநிலை யாரிடம் இருக்கிறது?

எண்பது சதவீதத்தோடு ஏற்றத்தை நிறுத்தினால்
பேட்டரி நெடுநாள் உழைக்குமாம்.
சினை ஆட்டுக்குத் தீனி போடும்போது
இதையேதான் நானும் சொன்னேன்.
ஓர்கில்ஸ் கேட்கவில்லை.

எத்தனை நேரத்தில் தூங்கலாம்?
பத்து நிமிடம், அரைமணி, ஐந்து மணி நேரம்,
பட்டியலின் அடியில்
ஒருபோதும் வேண்டாம்.
இவ்வளவு பெரிய சொல்லை
இவ்வளவு சின்ன எழுத்தில் பார்த்ததில்லை.
கல்யாணத்தன்று பாதிரியார்கூட
சாகும்வரை என்றுதான் கேட்டார்.
அமுக்கினேன்.

மூடியை மூடினால்?
இது முக்கியம். கண்ணில் படும் மூடியையெல்லாம்
மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும் மனிதர்
இந்த வீட்டில் இருக்கிறார்.
காபி டப்பா, வெண்ணெய்ப் பெட்டி, இது.
திரை தெரியாவிட்டாலும்
வலியில் முனகும் குரலாவது வரட்டும்.
எதுவும் செய்யாதே.
சேமி.

மே மாத இரவு
வருவதுபோல் வந்து
வாசலோடு திரும்பிவிடும்.
இரண்டு மணிக்கும் ஜன்னலில் சாம்பல் வெளிச்சம்.
சுர்ட்லா முன்னங்காலால் வைக்கோலைக் கீறுகிறாள்.
படுக்கிறாள். எழுகிறாள். சுற்றி வருகிறாள்.
இன்னும் ஒருமணி நேரம் ஆகும் என்று
கண்ணை மூடவில்லை,
இமைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

எழுப்பியது காபி மெஷினின் கொதிப்பு.
அந்த மூலைச் சுவரில் ஒரே ஒரு பிளக் ஓட்டை.
'நீ களைத்திருந்தாய், காபி போட்டேன்' என்றார்.
கையில் என் கணினியின் ஒயர்.
திரை கறுப்பு.
இடப்பக்கம்!
நான் தொடாமல் விட்ட இடப்பக்கம்,
தன் ஐந்து நிமிடத்தைச்
சொன்னது சொன்னபடி
எண்ணி முடித்திருந்தது.

நாற்பது எட்டை எத்தனையில் கடந்தேனோ.

சுர்ட்லா நக்கி முடித்திருந்தாள்.
கறுப்புக் குட்டி,
நான்கு காலும் நான்கு திசைக்குப் போக
நடுவில் நின்றுகொண்டிருந்தது.
மூக்கு சுத்தம்.
நீட்டிய விரலை
என்ன செய்வதென்று தெரியாமல்
அதன் வாயில் கொடுத்தேன். சப்பியது.
பிடிக்காமல் துப்பிவிட்டு
அம்மாவிடம் போனது.

திரும்பி வந்தபோது காபி சூடாகவே இருந்தது.
மெஷினைப் பிடுங்கிவிட்டு
ஒயரைத் திரும்பச் செருகினேன்.
திரை விழித்துத் தேதியைக் காட்டியது.
இடப்பக்கத்து ஐந்தின்மேல் அம்புக்குறியை வைத்து
ஒரு குவளை தீரும்வரை யோசித்தேன்.
இன்னும் நூற்று எழுபது பாக்கி.
ஐந்தை ஐந்தாகவே விட்டேன்.
இந்த வீட்டில் ஒரு பக்கமாவது
தூங்கத் தெரிந்திருக்கட்டும்.

'மூடிவிடட்டுமா?' என்றார் ஓர்கில்ஸ்,
கை ஏற்கெனவே மூடிமேல்.

மூடுங்கள்.
ஒன்றும் ஆகாது.